தூரத்தை வைத்து விமானப் பயண நேரம் சொல்கிறவர்கள் செய்யும் தவறுகள்

பயண ஏற்பாட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். உள்ளூர் நேரங்களை அப்படியே கழித்துப் பார்ப்பது மாதிரியான பிழைகள் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போக ஆகும் நேரமே திரும்பவும் ஆகும் என்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 5,540 கி.மீ. கிழக்கே போக 7 மணி நேரம் என்றால், மேற்கே திரும்ப 8 மணி நேரம் ஆகும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, புயல் தள்ளிய தள்ளலில் தரைவேகம் (தரையை வைத்துக் கணக்கிடும் வேகம்) மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டி, 5 மணி நேரத்துக்குள் லண்டன் வந்துவிட்டது. அதே காற்று எதிரே வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி ஒரு குழுவுக்குப் போட்ட நியூயார்க்–லண்டன் பயணத் தாள் கண்ணிலேயே நிற்கிறது. போகும் கட்டத்தில் '7 மணி', திரும்பும் கட்டத்தில் வெறும் 'அதே'. அந்த 'அதே'யை நம்பி, நியூயார்க்கிலிருந்து கிளம்பும் உள்நாட்டு விமானத்துக்குத் தனி டிக்கெட் முதலிலேயே வாங்கிவிட்டார், விலை ஏறிவிடுமாம். கையில் இருப்பதாக நினைத்த 2 மணி நேரத்தில் பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது, மீதி இமிகிரேஷன் வரிசையில் போயிற்று. தனித்தனி டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு யாருக்கும் இல்லை. அன்றைய விலைக்கு எல்லோருக்கும் புது டிக்கெட்! லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தின் டிக்கெட்டிலேயே இறங்கும் நேரம் அச்சாகியிருந்தது. ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

திசைக்கு ஒரு கணக்கு, பருவத்துக்கு ஒரு கணக்கு. அதையும் அட்டவணையிலிருந்து எடுங்கள், தூரத்தை விமானத்தின் வழக்கமான வேகமான 900 ஆல் வகுத்து அல்ல. அட்டவணை நேரம் புறப்படும் கேட்டிலிருந்து இறங்கும் கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது

ஏர் இந்தியா 2016-இல் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பயண நேரமோ கிட்டத்தட்ட 2 மணி குறைந்தது. மறுபடியும் அதே காற்றுதான்: பசிபிக் வழியில் கிழக்கே போவதால் அது பின்னாலிருந்து தள்ளும்.

பழைய நேரத்தையே சொல்வது

ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரப் பயணம். 2022-இல் ரஷ்ய வான்வழி மூடிய பிறகு பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் சுற்றிப் போகிறது, சுமார் 13 மணி நேரம். விமான நிலையங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

மைல்

எந்த மைல் என்று கேளுங்கள். விமானம், கப்பல் துறைகளில் பயன்படும் நாட்டிகல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609.

தேதி

டோக்கியோவில் மாலை ஏறியவர், வழியில் தேதிக் கோட்டைத் தாண்டுவதால், அதே தேதியில் காலை லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவார். திருத்தாதீர்கள், சரிதான்.

கோடை நேரம்

லண்டனும் நியூயார்க்கும் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவது ஒரே நாளில் அல்ல. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி.