ஒரே ஃபர்ம்வேர், பல இயங்குதளங்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்து அதை இயக்கும் மென்பொருள்) எழுதும் நம் இளைஞர்கள், சிறு சில்லுகளுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஓடும் நிரலை அதே வகையைச் சேர்ந்த செஃபிருக்கோ லினக்ஸுக்கோ கொண்டுபோக வேண்டியிருந்தால், முதலில் அதிலுள்ள இயங்குதள அழைப்புகளைத் தேடிப் பட்டியலிட வேண்டும். பணி உருவாக்கம், மியூட்டெக்ஸ் (ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டும் பயன்படுத்தவிடும் பூட்டு), செய்தி வரிசை, காலத்தாமதம் ஆகியவையே பெரும்பாலும் தேறும். இவற்றுக்குச் சொந்தப் பெயரில் ஒரு மெல்லிய இடைமுகத்தை ஹெடர் கோப்பில் அறிவித்து, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி சி மொழிக் கோப்பில் அதைச் செயலாக்குங்கள்.

பெயர்களை மாற்றுவது எளிது. உண்மையான ஆபத்து பொருள் வேறுபாட்டில் இருக்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் எண் கூடக்கூட முன்னுரிமை உயரும். செஃபிரில் எண் குறையக் குறையத்தான் உயரும். பணிக்கான ஸ்டாக் (தற்காலிகத் தரவுக்கான நினைவகப் பகுதி) அளவை மூல ஃப்ரீஆர்டிஓஎஸ் வேர்டுகளில் கேட்கிறது, செஃபிர் பைட்டுகளில் கேட்கிறது. ஆகவே ஒரு வேர்டு 4 பைட்டாக உள்ள 32 பிட் சில்லில் 512 என்று எழுதினால் முன்னதில் 2,048 பைட்டுகள் கிடைக்கும், பின்னதில் 512 மட்டுமே கிடைக்கும். இப்படிக் கால்பங்காகச் சுருங்கிய ஸ்டாக் நிரம்பி வழிந்து, தொடர்பே இல்லாத இடத்தில் பிழையாக வெளிப்படுவதால், அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இடைமுகம் பைட்டையும் மில்லிசெகண்டையும் மட்டுமே ஏற்கட்டும்.

டிக் (இயங்குதளம் நேரத்தை எண்ணும் துடிப்பு) வேகம் 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு டிக்குக்கு 10 மில்லிசெகண்டு என்றால் 5 மில்லிசெகண்டுத் தாமதம் முழுஎண் வகுத்தலில் பூஜ்ஜியமாகிவிடும் என்பதால், மேல்நோக்கி முழுமையாக்குங்கள். வன்பொருள் குறுக்கீட்டைக் (interrupt) கையாளும் நிரலுக்குள் ஃப்ரீஆர்டிஓஎஸ் தனி அழைப்புகளைக் கோருவதால், அவற்றுக்கு இடைமுகத்திலும் தனிச் செயற்கூறுகள் தேவை.

லினக்ஸ் போன்ற தளங்களில் பணிகளை உருவாக்கும் போசிக்ஸ் த்ரெட் கொண்டு ஒரு செயலாக்கத்தையும் எழுதிவிட்டால், சில்லுள்ள பலகை கைக்கு வருமுன்பே மடிக்கணினியில் தர்க்கத்தைச் சோதிக்கலாம். ஆனால் நேரத் துல்லியத்தைப் பலகையில்தான் அளக்க வேண்டும்.