தீவுக்குப் போனால் முதலில் கடலின் நேரத்தைக் கேளுங்கள்

முதல் தடவை தீவுக்குப் போனபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. நான்கு நாளுக்குப் பதினேழு வேலை. முதல் நாள் காலை பத்து மணிக்கு ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, மிதந்தபடியே கடலடியைப் பார்ப்பது) என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். பத்து மணிக்குக் கரைக்குப் போனால் கடலைக் காணோம். எங்கோ தள்ளி ஒரு கோடாக மினுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் முழுக்கப் பாறையும் பாசியும். மாஸ்க், துடுப்புக் காலணி எல்லாம் மாட்டிக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் முகூர்த்தம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

பட்டியலை அன்றைக்கே கிழித்துவிட்டேன். இப்போதெல்லாம் தீவில் இறங்கியதும் மூன்றே கேள்விகள்தான் கேட்கிறேன். தண்ணீர் எப்போது வற்றுகிறது? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிலா எத்தனை மணிக்கு எழும்? விடுதியில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் படகுக்காரருக்குக் கட்டாயம் தெரியும். என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்பதெல்லாம் இந்த மூன்று பதிலிலேயே வந்துவிடும்.

ஓதக் கணக்கு, அதாவது கடல் ஏறி வற்றும் கணக்கு, சுலபம்தான். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 9 மணிக்கு வற்றினால், நாளை ஏறக்குறைய 9.50-க்கு, அதற்கு மறுநாள் 10.40-க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அரைநிலா நாட்களில் இரண்டுமே மந்தம். இன்னொரு விஷயம், தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். மணல்திட்டு வழியாக எதிரே தெரியும் குட்டித் தீவுக்கு நடந்து போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். வற்றம் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிளம்புங்கள். தண்ணீர் திரும்புகிறது என்று தெரிந்ததும் நீங்களும் திரும்பிவிடுங்கள். குட்டித் தீவில் பெரிதாக ஒன்றும் இருக்காது, கவலைப்படாதீர்கள்.

அடுத்தது காற்று. தீவுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. காற்றடிக்கும் பக்கம் அலை மோதிக் கலங்கிக் கிடக்கும்போது, மறுபக்கத்துக் கரை குளம் மாதிரி இருக்கும். ஒரே கரையில் உட்கார்ந்து "இன்றைக்குக் கடல் சரியில்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அரை மணி நேரம் நடந்தால் வேறொரு கடல் காத்திருக்கிறது. அதோடு, வெயில் ஏற ஏற தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் முற்பகலிலிருந்து கடற்காற்று எழும்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். நீருக்கடியில் பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னால், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பாய்மரச் சறுக்கு (விண்ட்சர்ஃபிங்) கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் காற்று எழும்பிய பிறகு வந்தால் போதும்.

ஸ்நார்க்கெலிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே வெறுத்துப்போய்க் கரையேறுகிறவர்கள்தான் அதிகம். குற்றம் கடல் மேல் இல்லை, மாஸ்க் மேல். வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே, பட்டையைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் மாஸ்க். நெற்றி முடி ஒன்றிரண்டு உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். எங்கள் வீட்டுக்காரர் மூன்று மாஸ்க் மாற்றினார், மூன்றிலும் கசிவு. கடைசியில் படகுக்காரப் பையன் தயங்கித் தயங்கி, "சார், மீசைதான்" என்றான். ரப்பர் ஓரம் மேலுதட்டில் படியும் இடத்தில் மீசை இருந்தால் காற்றுப் புகாமல் ஒட்டாது. மீசையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்த இடத்தில் வாஸ்லைன் தடவிச் சமாளித்தார். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, தண்ணீரில் நனைப்பதற்கு முன் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து, ஒரே ஒரு முறை அலசினால் போதும். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

உள்ளே போனதும் துரத்தாதீர்கள். கையைக் காலை அசைக்காமல் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள், மீன்கள் தாமாகப் பக்கத்தில் வரும். கறுக் கறுக்கென்று யாரோ கடலை மிட்டாய் கடிக்கும் சத்தம் கேட்டால், அது கிளிமீன். செத்த பவளத்தின் மேலிருக்கும் பாசியைக் கல்லோடு சேர்த்துக் கொறித்து, அரைத்து, மணலாகக் கழிக்கும். பெரிய கிளிமீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். பவளத் தீவுகளில் பார்த்துப் பார்த்துப் படமெடுக்கும் அந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு இதுதான் என்று சொன்னதும், என் மகள் மணலில் படுக்கவே மறுத்துவிட்டாள். பவளத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள். பாறை மாதிரி தெரிந்தாலும் அது உயிர். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

குளிர்ந்த தண்ணீரில் வெயில் உறைக்காது, அதுதான் ஆபத்து. அரை மீட்டர் ஆழத்தில்கூட, மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குப்புற மிதந்த என் மகனுக்கு அன்று ராத்திரி முதுகில் சட்டை படக்கூடவில்லை. வெயிலுக்குப் பூசும் கிரீமை மட்டும் நம்பாமல் முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். கிரீம் வாங்கும்போது ஆக்ஸிபென்ஸோன் என்ற ரசாயனம் இல்லாததாகப் பாருங்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லும் அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021-லும் அது கலந்த கிரீம்களின் விற்பனையைத் தடை செய்தன.

நீச்சல் தெரியாதவர்களுக்குத் தீவில் வேலையில்லை என்று நினைத்துத்தான் அத்தையைக் கூட்டிப்போகத் தயங்கினேன். நீச்சல் தெரியாது, முட்டிவலி வேறு. ஆனால் அந்தப் பயணத்தில் எங்களைவிட அதிகம் பார்த்தது அவர்தான். வற்றத்தின்போது பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். வழுக்காத செருப்பு, ஒரு தொப்பி, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான் தேவை. குழி ஓரமாக உட்கார்ந்து, நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொண்டு, அசையாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் வெறும் கல்தான். பிறகு ஒரு கல்லுக்குக் கால் முளைக்கும், இன்னொரு கல் வாலாட்டும். பூ என்று நினைத்தது சுருங்கிக்கொள்ளும். அத்தை ஒரு குழியிலேயே ஒன்றரை மணி நேரம் இருந்தார். "அங்கே பார், வீடு மாத்துது" என்று கிசுகிசுத்தார். ஒரு துறவி நண்டு தன் பழைய சங்கைவிட்டு வெளியே வந்து, மெத்தென்ற பின்பக்கத்தைச் சட்டென்று பக்கத்திலிருந்த பெரிய சங்குக்குள் நுழைத்துக்கொண்டது. மொத்தமே இரண்டு விநாடி.

அதைப் பார்த்த பிறகும் அவர் ஒரு சங்கைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தார். ராத்திரி அறை மூலையில் டக் டக்கென்று சத்தம். விளக்கைப் போட்டால் சங்கு கதவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தோம். காலியாகத் தெரியும் சங்கும் யாருக்கோ வீடுதான். கூம்பு வடிவச் சங்கை மட்டும் பார்ப்பதற்குக்கூடக் கையில் எடுக்காதீர்கள். அதில் சில வகைகளின் கொடுக்கு ஆளையே கொல்லும்.

ஆழமில்லாத மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும். அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக இருந்தால், குழந்தைகளை அங்கே இறக்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. சில சமயம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஆளை வெளியே இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். அது கீழே இழுக்காது, வெளியேதான் தள்ளும். மிதந்துகொண்டு கையசையுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

மதியம் தூங்குங்கள்.

சாயங்காலம் சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கக் கையை நேரே நீட்டி, சூரியனுக்கும் கடலுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக அடுக்கிப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். வானம் துல்லியமாக இருந்தால், கடைசித் துளி மறையும்போது சில சமயம் ஒரு கணம் பச்சையாக மின்னும். எங்கள் வீட்டுக்காரர் பார்த்ததாகச் சாதிக்கிறார். நான் இன்னும் பார்க்கவில்லை.

நிலா கேள்வி இரவுக்கானது. பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாளானால் நிலா வெகு நேரம் கழித்தே எழும், முன்னிரவு இருட்டாகவே இருக்கும். சில கடல்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீர் அசையும்போதெல்லாம் நீல ஒளி விடும். அதைப் பார்க்க இந்த இருட்டு வேண்டும். செல்போனை அறையிலேயே வைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். முழங்கால் தண்ணீரில் கையைத் துழாவிப் பாருங்கள். எல்லா ராத்திரியும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் நட்சத்திரம் இருக்கவே இருக்கிறது. ஆமை முட்டையிட ஏறிவரும் கரையாக இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம், பின்னால் தள்ளியே நில்லுங்கள்.

கடைசி நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு ஆழத்துக்கு, இறங்கியவர்கள், ஒரு முறை என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அதோடு, காற்று கிளம்பிவிட்டால் படகு நின்றுவிடும். விமானத்துக்கு முந்தின நாளே கடலைத் தாண்டிவிடுங்கள். நாங்கள் ஒரு தடவை விமானம் மாலையில்தானே என்று அன்று காலைப் படகுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். படகு வரவில்லை. அத்தை சந்தோஷமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, "வத்தம் எத்தனை மணிக்கு?" என்றார்.