பழைய ஃபில்டரைப் பிரிக்கும் முன்

வாட்டர் ஃபில்டரில் இருந்து பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும் தூக்கிப்போட மனசு வராது. கையில் கனமாக இருக்கிறது, உடையவில்லை, எதற்காவது ஆகாதா என்று தோன்றும். ஆகும்தான். ஆனால் பழைய ஜாடியைப் போல அலசிவிட்டு எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது. நம் வயிற்றுக்குள் போகக் கூடாது என்று மாதக்கணக்கில் பிடித்து வைத்த அத்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

அதிகம் பேர் ஏமாறுவது கார்பனில், அதாவது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கறுப்புக் கரியில். வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால், அல்லது கொதிக்கவைத்தால், கார்பன் மறுபடி புதுசாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆகாது. ஒரு கிராம் கார்பனில் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்துப் பார்த்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தத் துளைகளில் ஒட்டியதை வெளியேற்ற, ஆலைகளில் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி செலுத்துகிறார்கள். வெயில் ஈரத்தை மட்டும்தான் எடுக்கும். இன்னொன்று, கார்பன் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கிவிடுவதால், கிருமிகள் தடையில்லாமல் வளர அதற்குள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் பழைய கார்பனைக் குடிதண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

செருப்பு அலமாரியில் வாடை போக வைக்கலாம். ஈரத்தோடு பையில் கட்டிப் போட்டால் பூஞ்சை பிடித்து அதுவே நாறும். மெல்லிசாகப் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். நான் முதல்முறை காயவைத்தபோது பக்கத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் படிந்த கறுப்பைத் துடைக்க ஒரு நாள் போனது. அந்தத் தூள் மூச்சில் போகவும் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டியாக அழுத்திச் செய்த கார்பன் பிளாக்கைச் சுத்தியலால் உடைப்பது இதைவிட மோசம், தூள் பல மடங்கு பறக்கும். வாடையை உறிஞ்சும் திறனும் புதிய கார்பனைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்தது செடித்தொட்டி. கரிதானே, மண்ணுக்கு நல்லது என்று கீரைக்கும் தக்காளிக்கும் கொட்டுகிறார்கள். கார்பனில் சத்து எதுவும் இல்லை. தண்ணீரில் ஈயமோ பூச்சிமருந்தோ இருந்திருந்தால் அவை இதில்தான் தங்கியிருக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் பூச்செடிக்குக் கொஞ்சம் போடுங்கள், சாப்பிடும் செடிக்கு வேண்டாம். சில கார்ட்ரிட்ஜ்களில் கிருமி வளராதிருக்க வெள்ளி சேர்த்திருப்பார்கள். அந்த வெள்ளி மண்ணின் நல்ல நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. மீன் தொட்டியில் அது மீனுக்கே ஆபத்து.

ஜக் வகை ஃபில்டரைப் பிரித்தால் கார்பனோடு சின்னச் சின்ன உருண்டைகள் கொட்டும். ரெசின் என்பார்கள், பார்க்க மணல் மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக். தோட்டத்தில் கொட்டினால் மண்ணில் நுண்பிளாஸ்டிக் சேரும், தரையில் சிந்தினால் கால் வழுக்கும். நீர் மென்மையாக்கும் கருவியின் ரெசினுக்கு உப்புநீர் உயிர் கொடுக்கும் என்பது உண்மை. ஜக் ஃபில்டர்கள் பலவற்றில் இருப்பது வேறு வகை ரெசின் என்பதால் அதே வித்தை அங்கே பலிக்காது.

ஆர்.ஓ. மெம்பிரேன் என்பது தண்ணீரில் உள்ள உப்பைப் பிரிக்கும் மெல்லிய படலச் சுருள். அதில் தண்ணீர் மெதுவாக வந்தால் சிலர் பிளீச் ஊற்றுவார்கள். உடனே வேகமாக வரும், சரியாகிவிட்டது என்று மகிழ்வார்கள். நடந்தது வேறு. பிளீச்சில் உள்ள குளோரின் அந்த மெல்லிய பாலிஅமைட் (ஒருவகை பிளாஸ்டிக்) படலத்தை அரித்துவிட்டது, இனி உப்பும் சேர்ந்தே வரும். ஆயுள் முடிந்த மெம்பிரேனில் உருப்படியானது உள்ளே சுருட்டியிருக்கும் பிளாஸ்டிக் வலை. கையுறை போட்டுக்கொண்டு, கத்தியை உடம்புக்கு எதிர்த்திசையில் ஓட்டி வெட்டி எடுத்தால், செடித்தொட்டியின் அடித்துளையில் மண் ஒழுகாமல் போட அருமையாக இருக்கும்.

மண், சேற்றைப் பிடிக்கும், வெள்ளைப் பஞ்சு போன்ற செடிமென்ட் ஃபில்டரைத் தேய்த்துக் கழுவினால் மேல்சேறுதான் போகும், உள்ளடுக்கில் இருப்பது அப்படியே நிற்கும். வண்டி கழுவும் தண்ணீரில் மண் வடிகட்ட அது போதும். அறுத்துத் தேய்ப்பு நாராக்காதீர்கள், இழை உதிரும்.

ஆர்சனிக், ஃப்ளோரைடு நீக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் பிரிக்கவே வேண்டாம். கிருமியைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கில் பெரும்பாலும் பாதரசம் இருக்கும், உடைக்காமல் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். கழுவிக் காய்ந்த பழைய கார்ட்ரிட்ஜும் உறை பிரித்த புதியதும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியாது. கழற்றிய கையோடு மார்க்கரால் அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.