தொடக்கப்பள்ளியில் ஒரு வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப்பள்ளி வகுப்பறையில் ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்பதை முடிந்த பக்கங்களைக் கொண்டு அளக்கும் பழக்கமே பெரும்பாலான தவறுகளுக்கு வேர். பாடக்குறிப்பேட்டைப் பார்த்தால் ஆசிரியர் என்ன நடத்தினார் என்பது தெரியும். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அதில் இராது.

முதல் தவறு திங்கட்கிழமை காலையிலேயே நேர்கிறது. இரண்டு நாள் விடுமுறை கழிந்து வரும் பிள்ளைகளிடம் போன வாரத்துப் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் புதிய பாடத்தைத் தொடங்கினால், மறந்தவர் யார் என்பது வாரக் கடைசி மதிப்பீடு வரை வெளிப்படாது. அப்போது தெரிந்தும் பயன் குறைவு, ஏனெனில் அடுத்த பாடம் அதற்குள் வரிசையில் வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறு, விடையைத் திருத்திவிட்டு அந்த விடை வந்த வழியைக் கேட்காமல் விடுவது. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அது கவனக்குறைவு அன்று: 2இலிருந்து 7 போகாது என்று கண்டதும், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறது. தப்புக் குறி போட்டு 25 என்று எழுதிக் கொடுத்தால், மறுநாள் 63 − 28க்கு அதே விதிப்படி 45 என்று எழுதிவரும். நான்கு பத்துக்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து 17 குச்சிகளைத் திருப்பித் தரச் சொன்னால், ஒரு கட்டைப் பிரிக்காமல் தர முடியாது என்பதை அதுவே கண்டுகொள்ளும். இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் அது வீணான பாடவேளை ஆகாது.

தமிழ் வாசிப்பிலும் இதுவே நடக்கிறது. வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கையில் யார் படிக்கிறார், யார் வாயசைக்கிறார் என்று தெரிவதில்லை. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிப் படிக்கச் சொன்னால் மனப்பாடம் உடனே வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் இது உண்மையிலேயே கைகொடுக்கும் ஏற்பாடு. ஆனால் ஜூனில் அரும்பு என்று குறித்த பிள்ளையைத் தீபாவளி வரை மறுபடி சோதிக்காமல் அதே குழுவில் உட்கார வைத்தால், பிரித்த நோக்கமே கெட்டுப்போகும். கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது.

கடைசியாக, வராத பிள்ளைகள். ஊர்த் திருவிழாவுக்கோ காய்ச்சலுக்கோ இரண்டு நாள் விடுப்பில் போன பிள்ளையிடம் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வது எழுத்துவேலையை மட்டுமே முடிக்கும். வருகைப் பதிவேட்டைப் பாடக்குறிப்பேட்டின் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடத்தன்று யார் இல்லை என்று பார்த்து, பிள்ளை திரும்பி வந்த அன்றே அந்தச் செயல்பாட்டை ஒருமுறை செய்யவைத்துவிட வேண்டும்.