சொந்தமாகச் செய்யும் அறுவை மில், சூரிய உலர்கூடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேண்ட் சா மில்லை (இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடால் தடியைப் பலகையாக அறுக்கும் இயந்திரம்) சொந்தமாக வெல்டிங் செய்து கட்டுபவர்கள் முதலில் கேட்பது, எஞ்சின் எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்பதைத்தான். ஆனால் பலகை அலையலையாக வருவதற்கும், ஷாஃப்ட் வளைவதற்கும், பிளேடு கழன்று விழுவதற்கும் எஞ்சின் காரணமாக இருப்பது அபூர்வம். பிளேடை இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை தேவை என்று யாரும் கணக்குப் போடாததுதான் முதல் தவறு.

அந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். சிறிய மில்களில் வழக்கமாக ஓடும் பிளேடு 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. கனம். அது தடிக்குள் நேராகப் போக வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் சுமார் 14 கிலோ இழுவிசை வேண்டும். குறுக்குவெட்டு 34 சதுர மி.மீ. என்பதால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 480 கிலோ. பிளேடு சக்கரத்தைச் சுற்றி மேலும் கீழுமாக ஓடுகிறது. எனவே ஒவ்வொரு ஷாஃப்டும் தாங்க வேண்டியது 960 கிலோ. சக்கரத்தின் நடு, பேரிங்கிலிருந்து 75 மி.மீ. தள்ளித் தொங்கினால், 25 மி.மீ. ஷாஃப்டில் சதுர மி.மீ.க்கு 47 கிலோ வரை தகைவு (உலோகத்துக்குள் ஏறும் உள்விசை) ஏறும். சாதாரண மைல்டு ஸ்டீல் 25 கிலோவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். அதே இடத்தில் 40 மி.மீ. ஷாஃப்ட் போட்டால் தகைவு சுமார் 11.5 கிலோவுக்கு இறங்குகிறது, ஏனென்றால் வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியாகக் கூடுகிறது. இரும்புக்கடையில் கையில் கிடைத்த ஷாஃப்டை வைத்துத் தொடங்கினால், மில் முழுவதையும் பின்னால் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஷாஃப்டைத் தாங்கும் சட்டத்துக்கும் இதே கதிதான். திறந்த சி-சேனல் முறுக்கு விசைக்கு எளிதில் இணங்கிவிடும். சதுரக் குழாயே போடுங்கள். இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே குறைந்தது 200 மி.மீ. இடைவெளி விடுங்கள். சக்கரத்தைப் பேரிங்கோடு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

இழுவிசையை வெறும் போல்ட்டால் முறுக்கி வைப்பது அடுத்த தவறு. 4 மீட்டர் பிளேடு இந்த விசையில் நீள்வது மொத்தமே 2.8 மி.மீ.தான். அறுக்கும்போது பிளேடு 40 டிகிரி சூடேறினால் வெப்பத்தால் மட்டுமே சுமார் 1.9 மி.மீ. நீண்டுவிடும். அதாவது நீங்கள் முறுக்கி வைத்த இழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. முதல் இரண்டு பலகை நேராக வந்து மூன்றாவது கோணலாவது இப்படித்தான். போல்ட்டுக்கும் சக்கரத் தாங்கிக்கும் இடையில் கனமான ஸ்பிரிங் அல்லது கேஜ் வைத்த ஹைட்ராலிக் ஜாக் வேண்டும். வேலை முடிந்ததும் இழுப்பைத் தளர்த்திவிடுங்கள். சூடாக இருந்தபோது கூட்டி வைத்த இழுப்பு, பிளேடு குளிர்ந்து சுருங்கும்போது இன்னும் ஏறி ஷாஃப்டையும் பேரிங்கையும் இரவு முழுக்கச் சோதிக்கும்.

சக்கரத்தின் விட்டத்தைக் குறைத்தால் மில் கைக்கு அடக்கமாக இருக்கும் என்று 350 மி.மீ. சக்கரம் போடுபவர்கள் உண்டு. 1.07 மி.மீ. பிளேடு 480 மி.மீ. சக்கரத்தில் வளைவதைவிட இந்தச் சின்னச் சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான தகைவோடு வளையும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து நிமிர்கிற உலோகத்தில் அது பல்லின் அடியில் மயிரிழை விரிசலாகத் தொடங்கும். சின்னச் சக்கரம்தான் என்றால் 0.9 மி.மீ. பிளேடு வாங்குங்கள்.

வேகம்: பிளேடு விநாடிக்கு 25 மீட்டர் அளவில் ஓட வேண்டும். 480 மி.மீ. சக்கரத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று. 3600 சுற்றில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு 3.6-க்கு 1 என்றும், 1440 சுற்று மோட்டாருக்கு 1.45-க்கு 1 என்றும் புல்லி விகிதம் வரும்.

வி-பெல்ட் புல்லியையே பிளேடு சக்கரமாகப் பயன்படுத்துவது நல்ல வழி. ஆனால் பெல்ட் புல்லியின் விளிம்பைவிட மேலே எழும்பி நிற்க வேண்டும். பிளேடு இரும்பு விளிம்பைத் தொட்டு ஓடினால், இரு பக்கமும் மடக்கி விடப்பட்ட பற்கள் ஒரு பக்கம் தட்டையாகி, வெட்டு அந்தப் பக்கமே இழுக்கும். பல்லின் அடிப்பள்ளம் சக்கர விளிம்புக்கு வெளியே ஒரு நூல், அதாவது 3 மி.மீ., நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

வெட்டும் இடத்தில் பிளேடு ஆடாமல் பிடிக்கும் கைடு ரோலர்களில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். ரோலர் பிளேடைத் தொட்டால் போதும் என்று நினைப்பது தவறு. பிளேடின் இயல்பான கோட்டிலிருந்து 6 மி.மீ. கீழே தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் அதிர்வு வெட்டுக்கு வராது. ரோலரின் பின்விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் இடையே சும்மா ஓடும்போது 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எப்போதும் உரசிக்கொண்டிருந்தால் பிளேடின் முதுகு சூடேறி விரிசல் விடும். அடுத்து, பிளேடு தடி கிடக்கும் மேடைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடின் மேல் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றைக் காந்தத்தால் பல்லைத் தொடாமல் ஒட்டி, அதன் இரு முனையிலிருந்தும் மேடைக்கு உள்ள உயரத்தை அளக்கலாம். இரண்டும் ஒன்றாக வரும்வரை ரோலரைத் திருத்த வேண்டும். 300 மி.மீ. நீளத்தில் ஒரு மி.மீ. வித்தியாசம்கூட அகலப் பலகையில் கண்ணுக்குத் தெரியும்.

சக்கரமும் பிளேடும் உள்ள தலை ஓடும் தண்டவாளத்தை மண்மேல் அப்படியே போட்டால் தடி ஏறியதும் நடுவில் தாழும். 50 × 50 × 6 ஆங்கிளைக் கூரை போலக் கவிழ்த்து வைத்தால் மரத்தூள் தானே சரிந்துவிடும். மீட்டருக்கு ஒரு தாங்கி வேண்டும். ரசமட்டத்தை நீளவாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே, ஒவ்வொரு தாங்கியிலும் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் சற்றுச் சரிந்தாலும் பலகை கெடாது. குறுக்கே முறுக்கு இருந்தால் அது அப்படியே பலகையில் வந்து உட்காரும்.

தலையை ஏற்றி இறக்கும் இரண்டு திருகுகளைச் சங்கிலியால் இணைக்கும்போது திருகிலும் சங்கிலியிலும் தளர்வு இருந்தே தீரும். எப்போதும் தேவைக்கு மேல் ஏற்றி, இறக்கிக்கொண்டே அளவுக்கு வந்து நில்லுங்கள். பிளேடு தின்னும் கனத்தையும் சேர்க்க வேண்டும்: 1.07 மி.மீ. உலோகமும் இரு பக்கமும் 0.5 மி.மீ. பல் மடிப்புமாக 2 மி.மீ.க்குச் சற்று மேல். 27 மி.மீ. பலகைக்குத் தலை 29 மி.மீ. இறங்க வேண்டும்.

இனி எந்தக் காரணத்துக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. இரண்டு சக்கரங்களுக்கும் வெட்டாத பக்கத்துப் பிளேடுக்கும் தகட்டு மூடி வேண்டும். அறுந்த பிளேடு சாட்டையாக வெளியே வரும். கையை எடுத்தால் எஞ்சின் வேகம் விழும் திராட்டில் வேண்டும். தடியைப் பிடிக்கும் கிளாம்ப் பிளேடு இறங்கும் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கடைசிப் பலகை அறுக்கும்போதுதான் இதை மறப்பார்கள். வீட்டருகே நின்ற மரம் என்றால் ஆணி, கம்பி இருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்க்காமல் பிளேடை விடாதீர்கள்.

மழுங்கிய பிளேடை வேகமாகத் தள்ளுவது பிளேடின் ஆயுளையும் பலகையின் நேரையும் ஒன்றாகக் கெடுக்கும். கணு வரும் இடத்தில் பலகை மேலேறி இறங்கினால் அதுவே அறிகுறி. சொட்டு நீரில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து பிளேடில் விழ வைத்தால் பிசின் ஒட்டாது. தீட்டும்போது பல்லின் முகத்தை மட்டும் உரசாமல் அடிப்பள்ளத்தையும் சேர்த்து உரச வேண்டும். விரிசல் தொடங்குவது அங்கேதான்.

வெட்டியது உலரும் முன்

தடியின் இரு முனையிலும் மரம் வெட்டிய அன்றே கெட்டியான பெயின்ட் அல்லது மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். முனை வழியே ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு. ஒரு வாரம் கழித்துப் பூசினால் விரிசல் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். நடுச்சோறு (தடியின் நட்டநடுவில் உள்ள மென்மையான பகுதி) ஓடும் பலகையைத் தனியாக ஒதுக்குங்கள். அது வெடிக்காமல் உலர்வது அரிது. மரம் ஆண்டு வளையத்தின் வாக்கில் சுருங்குவது ஆர வாக்கில் (மையத்திலிருந்து பட்டையை நோக்கி) சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால்தான் வளையத்துக்குத் தொடுகோடாக அறுத்த பலகை கிண்ணம் போல வளைகிறது. 20 மி.மீ. இழைத்த பலகை வேண்டுமென்றால் 27 மி.மீ. அறுங்கள்.

சூரிய உலர்கூடம்

அறுத்த பலகையை வெயில் சூட்டில் காய வைக்கும் மூடிய கூடம் இது. இங்கே நடக்கும் பெரிய தவறு, கண்ணாடிக்கூரை பெரிதாக இருந்தால் சீக்கிரம் காயும் என்ற எண்ணம். சூரியன் தரும் வெப்பத்துக்கும் உள்ளே இருக்கும் மரத்தின் அளவுக்கும் ஒரு பொருத்தம் உண்டு: 25 மி.மீ. பலகைக்கு ஒரு சதுர மீட்டர் கூரைக்கு 0.25 கன மீட்டர் மரம். 2 மீட்டருக்கு 4 மீட்டர் கூரை என்றால் 2 கன மீட்டர் மரம் ஏற்றலாம். அதே கூடத்தில் பாதி மரத்தை ஏற்றினால் ஒவ்வொரு பலகையிலிருந்தும் இரண்டு மடங்கு வேகமாக ஈரம் உறிஞ்சப்படும். மேல்பரப்பு காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நிற்க, பலகை வெடிக்கும். மரம் குறைவு என்றால் கூரையில் பாதியைத் துணியால் மூடுங்கள்.

எந்த மரம் ஒரு நாளில் எவ்வளவு ஈரத்தை இழக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. 25 மி.மீ. ரெட் ஓக் நாளுக்கு 3.8 சதவீதம் வரை தாங்கும். அதுவே 50 மி.மீ. கனமானால் 1.5 சதவீதம்தான். பைன் போன்ற மென்மரம் 15 சதவீதம்கூடத் தாங்கும். ஆகவே கனப்பலகைக்கும் வைரம் பாய்ந்த கடின மரத்துக்கும் கூரையைக் குறைக்க வேண்டும். இன்னும் பாதுகாப்பான வழி, முதலில் நிழலில் காற்றோட்டமாக அடுக்கி 25–30 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு உள்ளே ஏற்றுவது.

கூரையின் சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருந்தால் ஆண்டு முழுதும் சராசரியாக நல்ல வெயில் விழும். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும், தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும் சரிய வேண்டும். உட்புறப் பிளைவுட்டுக்கு இரண்டு கோட் அலுமினியப் பெயின்ட், அதன் மேல் மங்கல் கறுப்பு. அலுமினியப் பூச்சு இல்லாவிட்டால் சுவரே ஈரத்தைக் குடித்து உள்ளிருக்கும் வெப்பக் காப்புப் பஞ்சை நனைத்துக் கெடுக்கும்.

ஃபேன் போட்டும் மரம் காயவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். காற்றுக்கு அடுக்கின் உள்ளே போவதைவிட அதன் மேலே தாண்டிப் போவது எளிது. கூரையிலிருந்து அடுக்கின் தலைவரை தார்ப்பாய்த் துண்டையோ பிளைவுட்டையோ தொங்கவிட்டு அந்த வழியை அடைக்க வேண்டும். பக்கவாட்டு ஓட்டைகளும் அப்படியே. பலகைகளுக்கு இடையே காற்று விநாடிக்கு 0.5 முதல் 0.75 மீட்டர் வேகத்தில் போனால் போதும். 3.6 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயர அடுக்கில் பாதி இடைவெளி என்றால் 1.8 சதுர மீட்டர். விநாடிக்கு சுமார் 1.1 கன மீட்டர் காற்று தள்ளும் ஃபேன்கள் வேண்டும். மோட்டார் 60 டிகிரியைத் தாங்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரவில் ஃபேனை ஓட விடாதீர்கள். பகலில் மேல்தோல் காய்ந்து இறுகியிருக்கும். இரவில் கூடம் குளிரும்போது உள்ளே ஈரப்பதம் ஏற, அந்த இறுக்கம் தளரும். சூரிய உலர்கூடத்தின் அருமையே இந்த ஓய்வில் இருக்கிறது.

புதுக்காற்றுத் துவாரம் ஃபேன் உறிஞ்சும் பக்கத்திலும், வெளியேற்றும் துவாரம் ஃபேன் தள்ளும் பக்கத்திலும் இருக்க வேண்டும். மாறி வைத்தால் காற்று வெளியே போகவே மறுக்கும். காலையில் கூரையின் உட்புறம் நீர் சொட்டி, மரத்தில் பூஞ்சை வாடை வந்தால் துவாரத்தை இன்னும் திறங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் கிட்டத்தட்ட மூடி வெப்பத்தை ஏற விடுங்கள்.

பலகை வரிசைகளுக்கு இடையே காற்றுப் போக வைக்கும் ரீப்பர்கள் எல்லாம் 20 அல்லது 25 மி.மீ. என ஒரே கனத்தில், காய்ந்தவையாக இருக்கட்டும். ஈர ரீப்பர் பலகையில் கறை விடும், இழைத்தாலும் போகாது. 400 முதல் 600 மி.மீ.க்கு ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராக, முனைகளில் கடைசி விளிம்பிலேயே. அடுக்கின் தலையில் பாரம் ஏற்றாவிட்டால் மேல் வரிசை முறுக்கிக்கொள்ளும். பாதி காய்ந்த அடுக்கில் புதுப் பச்சைப் பலகையைச் சொருகவே கூடாது.

அளந்து பார்க்காமல் எடுப்பது

மரத்தில் குத்தி ஈரம் அளக்கும் ஊசி மீட்டர் 7 முதல் 30 சதவீதம் வரைதான் நம்பத்தகுந்தது. பச்சை மரத்தில் அது காட்டும் 45-க்கு அர்த்தமில்லை. மாதிரிப் பலகை வைத்து எடை போடுவதே உறுதியான வழி. 750 மி.மீ. மாதிரியின் இரு முனையிலும் 25 மி.மீ. துண்டு வெட்டி, உடனே எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை இனிக் குறையாமல் நிற்கும் வரை வையுங்கள். 150 கிராம் துண்டு 100 ஆனால் ஈரம் 50 சதவீதம். மாதிரி 3 கிலோ என்றால் அதன் உலர் எடை 2 கிலோ. முனைகளைப் பெயின்டால் அடைத்து அடுக்கில் வைத்துத் தினமும் எடை போடுங்கள். 2.2 கிலோவுக்கு வந்தால் 10 சதவீதம். ஒரு நாள் இறக்கம் எல்லை தாண்டினால் அன்றைக்கே கூரையை மூடலாம். வெடிப்பைக் கண்ட பிறகு மூடிப் பயனில்லை.

எவ்வளவு காய வேண்டும் என்பது பலகை வாழப்போகும் அறையைப் பொறுத்தது. 65 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் மரம் சுமார் 12 சதவீதத்தில் நிலைகொள்ளும், 30 சதவீத அறையில் சுமார் 6-ல். பூச்சியை வெப்பத்தால் கொல்ல மரத்தின் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். கூடத்தின் காற்று 56-ஐத் தொட்டது என்பதால் மையமும் தொட்டுவிட்டதாக எண்ணாதீர்கள். நடுவில் துளையிட்டு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள்.

எடுக்கும் முன் ஒரு பலகையிலிருந்து குறுக்காக 25 மி.மீ. துண்டு வெட்டி, நடுப்பகுதியை அறுத்தெடுத்து இரண்டு கால் உள்ள முள்கரண்டி போல ஆக்குங்கள். கால்கள் உள்நோக்கி வளைந்தால் மேல்தோலில் இறுக்கம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பலகையை நீளவாக்கில் கிழித்தால் ரம்பத்தை நெரிக்கும். துவாரங்களை மூடி, நல்ல வெயில் நாளின் மாலையில் அடுக்கின் மேல் நுண்ணிய நீர்த்தூவல் விட்டு இரவு முழுக்க விடுங்கள். அடுத்த நாள் காய வைத்து மீண்டும் துண்டு வெட்டிப் பார்த்து, கால்கள் நேராக நின்றால் அடுக்கைப் பிரிக்கலாம்.