கொதிநீரில் காந்தம் எவ்வளவு இழக்கும்? தராசில் அளக்கும் முறை

சூடேறினால் காந்தம் வலுவிழக்கும். எவ்வளவு இழக்கும், ஆறியபின் அது திரும்புமா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று எண்ணும் முறை வேண்டாம். ஊசிகளே காந்தமேறி, ஒவ்வொரு தடவையும் வேறு கணக்குக் காட்டும்.

1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசின்மேல் 5 செ.மீ. உயர மரக்கட்டை, அதன்மேல் 500 கிராம் இரும்பு எடைக்கல். கட்டை இல்லாவிட்டால் தராசின் உள்பாகங்களையும் காந்தம் இழுத்துவிடும். இருபக்கமும் செங்கல் அடுக்கி, 3 மி.மீ. பிளைவுட் துண்டைப் பாலம்போல் வையுங்கள். அது எடைக்கல்லைத் தொடக் கூடாது, 2 மி.மீ. இடைவெளி போதும். எடையைக் குறித்துக்கொண்டு, 25 மி.மீ. கறுப்பு ஃபெரைட் (பீங்கான் போன்ற சாதாரணக் காந்தம்) வட்டைப் பாலத்தின்மேல் குறியிட்ட இடத்தில் வையுங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ அதுதான் இழுவிசை. 50 கிராமாவது குறையாவிட்டால் பாலத்தை இன்னும் தாழ்த்துங்கள்.

அடுத்து, வட்டை அலுமினியப் பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மர இடுக்கியால் எடுத்து, துடைத்து, 5 விநாடிக்குள் அளவைப் படியுங்கள். தாமதித்தால் ஆறிவிடும். ஃபெரைட்டின் காந்தப்புலம் டிகிரிக்குச் சுமார் 0.2% குறையும். 30லிருந்து 100 டிகிரிக்குப் போனால் 14%. இழுவிசை புலத்தின் வர்க்கத்தைப் (புலம் × புலம்) பொறுத்தது என்பதால், 100 கிராம் காட்டிய இடத்தில் 74 கிராமுக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் இழுவிசை கூடும், ஆனால் உறைபனியைத் துடைக்காவிட்டால் அந்தப் படலமே இடைவெளியைக் கூட்டிவிடும். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொதிநீரில் போடாதீர்கள், வட்டு விரிசல்விடும்.

இனிதான் முக்கியமான அளவு. காந்தம் அறை வெப்பத்துக்கு வந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். ஃபெரைட் பழைய எண்ணுக்கே திரும்பும், ஏனென்றால் சூட்டில் அதன் காந்தநீக்க எதிர்ப்பு (காந்தத்தன்மையை இழக்காமல் தாங்கும் திறன்) கூடுகிறது. சாதாரண நியோடிமியம் (மிக வலுவான உலோகக் காந்தம்) வட்டை அதேபோல் கொதிக்கவைத்தால் ஆறியபின்னும் குறைந்தே காட்டும். அதன் உச்சவரம்பு 80 டிகிரி. இதில் அந்த எதிர்ப்பு டிகிரிக்குச் சுமார் 0.6% சரிவதால், காந்தத்தின் சொந்தப் புலமே உள்ளிருக்கும் சில பகுதிகளின் காந்தத் திசையைத் திருப்பிவிடுகிறது. மெல்லிய வட்டு இன்னும் அதிகம் இழக்கும். காந்தத்தன்மை முழுதும் போய்விடும் கியூரி வெப்பநிலையான 310 டிகிரியை எட்டும் முன்பே இப்படி ஆகிறது. வலுவான புலத்தில் மறுபடி காந்தமேற்றினால் மட்டுமே மீளும்.

மோட்டார் போன்ற சூடான இடத்துக்கு நியோடிமியம் காந்தம் வாங்கும்போது தரக்குறியின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: எச் 120 டிகிரி, எஸ்எச் 150, யுஎச் 180 வரை தாங்கும்.