லாபக் கணக்கை நம்பும் முன்: இயக்குநர் குழுவையும் நிர்வாகத்தினர் கையிலுள்ள பங்குகளையும் பார்ப்பது எப்படி?

மார்ச் 31-க்குள் சரக்கைக் கடனுக்கு வியாபாரிகளின் கிடங்கில் இறக்கிவிட்டால், விற்பனையும் லாபமும் ஏறும், பணம் மட்டும் வராது என்பது குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் எவருக்கும் தெரியும். ஆகவே ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குமுன், அதன் ஆண்டறிக்கைகளிலிருந்து நான்காண்டு நிகர லாபத்தையும் செயல்பாடுகளின் வழியே வந்த பணத்தையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். லாபம் 40 கோடி, பணம் 6 கோடி என்பது போன்ற இடைவெளி தொடர்ந்தால், அதை யார் தட்டிக்கேட்டிருக்க வேண்டும் என்று தேடுங்கள்.

அந்தப் பொறுப்பு முதலில், இயக்குநர் குழுவுக்குள் கணக்குகளைக் கண்காணிக்கும் தணிக்கைக் குழுவுடையது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2015 விதிகளின்படி அதில் குறைந்தது மூன்று இயக்குநர்கள் இருக்க வேண்டும். அவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சை இயக்குநர்களாக, அதாவது நிர்வாகத்தைச் சாராதவர்களாக, இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதில் மயங்க வேண்டாம். கூட்டங்களுக்கு வந்தவர் யார், கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதே முக்கியம்.

நிர்வாகத்தினர் கையிலுள்ள பங்கு இரண்டு விதமாக வேலை செய்யும். ஓரளவு பங்கு இருந்தால் முதலீட்டாளரின் நஷ்டம் அவர்களையும் சுடும். மிக அதிகமானால் அவர்களைக் கேள்வி கேட்க ஆளிருக்காது. குறைவும் ஆபத்தே: தங்கள் பங்கு சிறிது என்பதால், லாபம் சரிந்தால் நிறுவனம் கைமாறி, கணக்கிலுள்ள ஓட்டை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சியதாக 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட தம் கடிதத்திலேயே எழுதினார். காலாண்டுதோறும் வெளியாகும் பங்குடைமைப் பட்டியலில், அடகு வைத்த பங்குகளின் பத்தியையும் தவறாமல் பாருங்கள்.